மலை தெரியும் வீட்டுக்கு மவுசு! பணம் போடும் முன் யோசித்தீர்களா?

ராஜபாளையம்.-

"உங்க வீடு எந்தத் தெரு?"

ஒரு காலத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரரிடம் இப்படிக் கேட்டால், "தேர் வீதி" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொல்வார். ராஜபாளையத்தில் கேட்டால் எந்தச் சாவடி என்று பதில் வரும். அவ்வளவுதான். ஆள் யார், ஆஸ்தி எவ்வளவு என்பது கேட்டவருக்கு விளங்கிவிடும்.

இப்போது கேள்வியே மாறிவிட்டது. "மாடியில் நின்றால் மலை தெரியுமா? கார் வாசல் வரை வருமா? போர் போட்டால் தண்ணீர் கிடைக்குமா?" பணம் உள்ளவர்கள் இப்போது கேட்பது இவைதான்.

"அவர்கள் பணம், அவர்கள் வீடு. நமக்கு என்ன?" என்று நீங்கள் கேட்கலாம்.

நமக்கு நிறைய இருக்கிறது. கையில் 1 கோடி வைத்திருப்பவர் எந்தத் திசையைப் பார்க்கிறாரோ, அந்தத் திசையில்தான் ஊர் வளருகிறது. ரோடு அங்கே போகிறது. மனை விலை அங்கே ஏறுகிறது. 3 சென்ட் நிலத்துக்குச் சீட்டுப் போட்டுக் காசு சேர்க்கும் மில் தொழிலாளியும், ஜவுளிக்கடை சிப்பந்தியும், கோர்ட்டு குமாஸ்தாவும் அந்த விலையைத்தான் கொடுத்தாக வேண்டும்.

அதனால் இந்த மவுசை நாமும் கொஞ்சம் கூர்ந்து பார்ப்பது நல்லது.

அருகில் இருப்பதே அந்தஸ்து

ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் இடைவெளியில் இருக்கும் அக்காள்-தங்கை ஊர்கள். 2011-ம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கில் ராஜபாளையம் நகரசபையில் 1 லட்சத்து 30 ஆயிரம் பேர். ஸ்ரீவில்லிபுத்தூரில் 75 ஆயிரம் பேர். இரண்டுக்கும் மேற்கே மலை. ஆனால் பிழைப்பு வேறு, குணமும் வேறு.

ஸ்ரீவில்லிபுத்தூர் கோவிலைச் சுற்றி வளர்ந்த ஊர். 11 நிலைக் கோபுரம். அதைச் சுற்றி மாட வீதி, தேர் வீதி. மாவட்டத் தலைமைக் கோர்ட்டும் இந்த ஊரில்தான். பால்கோவா தனிக்கதை. 2019-ம் ஆண்டில் புவிசார் குறியீடே வாங்கிவிட்டது.

ராஜபாளையம் பஞ்சும் நூலும் வளர்த்த ஊர். பி.ஏ.சி.ராமசாமி ராஜா 1930-களில் மில் தொடங்கினார். அதன்பின் ஊரின் முகமே மாறியது. பக்கத்தில் சத்திரப்பட்டி, சமுசிகாபுரத்தில் தறிச் சத்தம். ஆஸ்பத்திரிகளில் காயத்துக்குக் கட்டுகிற துணி இங்கே இருந்துதான் ஊர் ஊராகப் போகிறது.

இரண்டு ஊரிலும் அந்தக் காலத்துப் பெரிய வீட்டுக்கு ஒரே கணக்குதான். எல்லாம் அருகில் இருக்க வேண்டும். கோவில் மணி கேட்க வேண்டும். மில் சங்கு கேட்க வேண்டும். பங்காளி வீடு கூப்பிடு தூரத்தில் இருக்க வேண்டும். சந்தை, ஆபீஸ், பள்ளிக்கூடம் எல்லாம் கால்நடையாகப் போகும் தூரம். வாசலில் திண்ணை. அதில் யார் வேண்டுமானாலும் உட்காரலாம். பெரிய மனிதர் வீட்டுத் திண்ணை காலியாக இருந்தால் அவருக்கு மரியாதை குறைவு!

ஒன்றையும் மறைக்க வேண்டாம். அந்தத் தெருக்களில் எல்லோரும் வீடு வாங்கிவிட முடியாது. அங்கே சாதி பார்த்துத்தான் கதவு திறந்தது. இன்று புதிய நகர்களில் பணம் பார்த்துத் திறக்கிறது. அந்தமட்டில் ஒரு முன்னேற்றம் என்றே சொல்ல வேண்டும்.

இன்று தூரமே அந்தஸ்து

இப்போது கணக்கு தலைகீழ். எல்லாம் தூரத்தில் இருக்க வேண்டும்!

பஸ் ஸ்டாண்டு சத்தம் கேட்கக்கூடாது. பக்கத்து வீட்டுச் சுவர் ஒட்டக்கூடாது. சுற்றி மதில், வாசலில் காவலாளி, ஆளுக்கு ஒரு படுக்கை அறை, அறைக்கு ஒரு குளியல் அறை, இரண்டு கார் நிற்க இடம், மாடிக்கு லிப்டு, கூரையில் சூரிய மின்சாரத் தகடு. எல்லாவற்றுக்கும் மேலாக, காலையில் காபி குடிக்கும்போது மலை தெரிய வேண்டும்.

இந்த ஆசை ஏன் வந்தது? காரணங்கள் இல்லாமல் இல்லை.

முதல் காரணம் கார். மாட வீதி, சாவடித் தெருவெல்லாம் மாட்டு வண்டிக்கு அளவெடுத்தவை. காரை நிறுத்த இடம் கிடையாது. வண்டியை ஒரு தெருவில் விட்டுவிட்டு இன்னொரு தெருவுக்கு நடக்கிறார்கள்.

இரண்டாவது காரணம் 2020-ம் ஆண்டு கொரோனா. நாலு சுவருக்குள் அடைந்து கிடந்த நகரவாசிகளுக்குக் காற்றும் வெளிச்சமும் எவ்வளவு பெரிய சொத்து என்பது அப்போதுதான் புரிந்தது. கம்ப்யூட்டர் வேலைக்காரர்கள் பலர் சொந்த ஊரில் உட்கார்ந்தே சம்பளம் வாங்கினார்கள். "ஊரிலேயே ஒரு நல்ல வீடு கட்டினால் என்ன?" என்ற எண்ணம் வந்தது.

மூன்றாவது, பாகப்பிரிவினை. பழைய வீட்டில் ஆறு பேருக்குப் பங்கு. இடிக்கவும் முடியாது, விற்கவும் முடியாது. வசதி வந்தவர் தன் பங்கை அப்படியே விட்டுவிட்டு ஊருக்கு வெளியே மனை வாங்குகிறார்.

நான்காவது, திருமங்கலம்-ராஜபாளையம் நான்குவழிச் சாலை. மதுரை சுமார் 85 கிலோமீட்டர். "ஒரு மணி நேரத்துல மதுரை" என்ற பேச்சு கிளம்பிய நாளில் இருந்தே ரோட்டோர நிலக்காரர்கள் விலையை வாயில் வைத்துக்கொண்டு பேசவில்லை. மனதுக்குள் வைத்துக்கொண்டு பேசுகிறார்கள்.

ஆசை நியாயமானதுதான். ஆனால் ஆசைக்கு வாங்கும் வீட்டையே முதலீடு என்று நினைத்துக்கொள்வதில்தான் சிக்கல் இருக்கிறது.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

ஒரு பேச்சுக்கு 1 கோடி ரூபாய் வீடு என்று வைத்துக்கொள்வோம். பத்திரச் செலவு எவ்வளவு? தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 7 சதவீதம். பதிவுக் கட்டணம் 2 சதவீதம். மொத்தம் 9 சதவீதம். அதாவது 9 லட்சம் ரூபாய் வாங்கிய அன்றே கையை விட்டுப் போய்விடும்.

அந்த வீட்டை வாடகைக்கு விட்டால் மாதம் 20 ஆயிரம் வருகிறது என்று வையுங்கள். இந்த ஊர்களில் அது பெரிய வாடகை. வருஷத்துக்கு 2 லட்சத்து 40 ஆயிரம். வீட்டு வரி, வெள்ளை அடிப்பது, மோட்டார் ரிப்பேர் எல்லாம் அதில்தான்.

அதே 1 கோடியை பாங்கியில் ஆறரை சதவீத வட்டிக்குப் போட்டால் 6½ லட்சம் வரும். அதற்கும் வருமான வரி உண்டு என்பது வேறு விஷயம்.

ஆக, வீட்டின் விலை ஒவ்வொரு வருஷமும் 4 சதவீதம் ஏறினால்தான் பாங்கி வட்டிக்குச் சமம். பத்திரத்துக்குக் கொடுத்த 9 லட்சத்தை மீட்பதற்கு அதற்கு மேலும் ஏற வேண்டும்.

"ஏறாதா என்ன?" என்பார்கள். நிலம் ஏறும். கட்டடம் இறங்கும்! இதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள்.

இத்தாலி மார்பிள், தேக்கு நிலைக்கதவு, கூரைக்குக் கீழே இன்னொரு கூரை, வெளிநாட்டுக் குழாய். இதற்கெல்லாம் கொட்டிய பணத்தை இருபது வருஷம் கழித்து வாங்க வருபவர் கொடுக்க மாட்டார். "சென்ட் என்ன விலை?" என்றுதான் கேட்பார். கட்டடத்துக்குத் தேய்மானம் போடுவார். உங்கள் ரசனைக்கு அவர் ஏன் காசு கொடுக்க வேண்டும்?

கடன் வாங்கிக் கட்டுகிறவர்களுக்கு இன்னொரு கணக்கு. 50 லட்சம் கடன், 8 சதவீத வட்டி, 20 வருஷம் என்றால் மாதத் தவணை 41 ஆயிரத்து 800 ரூபாய்க்குக் கொஞ்சம் கூட. கட்டி முடிக்கும்போது 1 கோடியைத் தாண்டியிருக்கும். வாங்கியதைப் போல இரண்டு மடங்கு!

விற்கும்போது வரி இருக்கிறது. 2024-ம் ஆண்டு ஜூலை 23-ந்தேதி முதல் நீண்டகால மூலதன லாபத்துக்கு வரி 12½ சதவீதம். விலைவாசி ஏற்றத்தைக் கழித்துக்கொள்ளும் பழைய சலுகை கிடையாது. அந்தத் தேதிக்கு முன்பு வாங்கிய வீடு, நிலம் என்றால் உள்நாட்டில் வசிப்பவர் பழைய 20 சதவீதக் கணக்கையும் போட்டுப் பார்த்து, எது குறைவோ அதைக் கட்டலாம்.

இன்னொரு விஷயம். சின்ன வீட்டை விற்க வேண்டும் என்றால் பத்துப் பேர் வருவார்கள். மாவட்டத்து ஊரில் 1 கோடி, 2 கோடி வீட்டுக்கு ஆள் தேட வேண்டும். பெண் கல்யாணம், ஆபரேஷன் என்று அவசரம் வந்தால், வாங்குகிறவன் வைத்ததுதான் விலை.

"பண்ணை வீடு" என்ற பொறி

ஊருக்கு வெளியே மலையடிவாரத்தில் "பண்ணை வீடு" என்று விளம்பரம் செய்கிறார்கள். "அண்ணாச்சி, வந்து பாருங்க! மாமரம் நம்மளுது, காத்து ஜிலுஜிலுன்னு வருது, மலை கைக்கு எட்டுது" என்று புரோக்கர் கூட்டிப் போவார். சப்பட்டை மாம்பழத்தை நறுக்கிக் கையில் கொடுத்தால் யாருக்குத்தான் மனசு வராது?

தோப்பில் நிற்கும்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். "இது வீட்டுமனையா, விவசாய நிலமா?"

தமிழ்நாட்டில் விவசாய நிலத்தை விவசாயி அல்லாதவரும் வாங்கலாம். தடை இல்லை. ஆனால் அதைத் துண்டு போட்டு மனையாக விற்பது வேறு. 2016-ம் ஆண்டு செப்டம்பர் 9-ந்தேதி சென்னை ஐகோர்ட்டு, அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பத்திரம் பதியக்கூடாது என்று தடை போட்டது. வக்கீல் 'யானை' ராஜேந்திரன் தொடர்ந்த பொதுநல வழக்கில் வந்த உத்தரவு அது. தமிழ்நாடு முழுக்க சப்-ரிஜிஸ்திரார் ஆபீஸ்கள் வெறிச்சோடின. 2017-ல் வரன்முறைத் திட்டம் வந்த பிறகுதான் பலருக்கு மூச்சு வந்தது. காசைக் கொடுத்துவிட்டு அந்த மாதங்களில் தவித்தவர்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள்.

வெளிநாட்டில் வேலை பார்க்கும் பிள்ளைகள் பெயரில் வாங்குகிறவர்கள் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். அன்னியச் செலாவணிச் சட்டப்படி, வெளிநாட்டில் வாழும் இந்தியர் இங்கே வீடு வாங்கலாம், கடை வாங்கலாம். ஆனால் விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு மூன்றையும் விலைக்கு வாங்க முடியாது! தகப்பனார் சொத்தாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். "அமெரிக்காவுல இருக்கிற தம்பி பேருக்கே போட்ருவோம்" என்று புரோக்கர் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

அடுத்தது காடு. இந்த மலை வெறும் காட்சிப் பொருள் அல்ல. செண்பகத்தோப்பைச் சுற்றிய காடு 1980-களின் கடைசியில் சாம்பல் நிற அணில்களுக்காகச் சரணாலயம் ஆனது. 2021-ம் ஆண்டு பிப்ரவரியில் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. தமிழ்நாட்டின் 5-வது காப்பகம். பரப்பு ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல்.

2022-ம் ஆண்டு ஜூன் 3-ந்தேதி, தேசியப் பூங்காக்கள், சரணாலயங்களைச் சுற்றி 1 கிலோமீட்டருக்குச் சூழல் பாதுகாப்பு வளையம் வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு சொன்னது. 2023-ம் ஆண்டு ஏப்ரலில் அதைத் திருத்தி, எல்லா ஊருக்கும் ஒரே அளவு வேண்டியதில்லை என்றது. இதில் இருந்து தெரிவது என்ன? காட்டு ஓரத்து நிலத்தின் தலையெழுத்து கோர்ட்டு உத்தரவு ஒன்றில் மாறலாம். இன்று கட்ட அனுமதி இருக்கிறது என்பதால் நாளைக்கும் இருக்கும் என்று நிச்சயம் கிடையாது.

இதற்கும் மேல், மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையத்தின் பட்டியல் ஒன்று இருக்கிறது. ஆபீஸ் பாஷையில் 'ஹாகா'. அந்தக் கிராமப் பட்டியலில் வரும் இடத்தில் மனை போட, கட்டடம் கட்ட தனி அனுமதி வேண்டும்.

மலையடிவாரத்துத் தென்னந்தோப்பிலும் மாந்தோப்பிலும் யானைகள் புகுந்தன என்பது இந்த வட்டாரத்தில் அடிக்கடி வரும் செய்தி. யானைக்குப் பத்திரம், பட்டா தெரியாது. அது பாட்டன் காலத்துப் பாதையில் வருகிறது. நடுவில் மதில் கட்டியது நாம்தான்.

தண்ணீர் யாருக்கு?

ராஜபாளையத்துக்கு அய்யனார் கோவில் மலையில் இருந்து வரும் தண்ணீர்தான் பரம்பரைச் சொத்து. அது ஆறாவது மைல் நீர்த்தேக்கத்தில் தேங்கி ஊருக்கு வருகிறது. ஸ்ரீவில்லிபுத்தூருக்குச் செண்பகத்தோப்புப் பக்கத்துத் தண்ணீர். போதாததற்குத் தாமிரபரணித் தண்ணீர் எங்கோ இருந்து குழாயில் வருகிறது.

பெரிய வீட்டுக்குப் புல்வெளி வேண்டும். கார் கழுவ வேண்டும். சிலருக்கு நீச்சல் குளமும் வேண்டும். எல்லாம் போர் தண்ணீர். மலையடிவாரத்தில் ஆழமாகப் போர் போட்டால், கீழே இருக்கும் தோட்டக் கிணற்றில் நீர்மட்டம் இறங்கும். தண்ணீருக்கு வேலி கிடையாது.

2003-ம் ஆண்டில் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் ஆக்கப்பட்டது. 3 சென்ட் வீட்டுக்காரர்களும் குழி தோண்டினார்கள். 30 சென்ட் வீட்டுக்காரர் முழுமனதோடு செய்தால் தெருவுக்கே தண்ணீர் ஊறும். சொகுசு வீட்டு விளம்பரங்களில் நீச்சல் குளத்தைப் பெரிய எழுத்தில் போடுகிறார்கள். மழைநீர்க் குழியைப் பெரிய எழுத்தில் போட்ட விளம்பரத்தை நீங்கள் எங்காவது பார்த்ததுண்டா?

சென்னை சொல்லும் பாடம்

நம் ஊர்ப் பணம் சென்னைக்கும் போகிறது. அண்ணாநகர், அடையாறு என்று பிளாட் வாங்கிப் போடுகிறார்கள். அந்த இடங்கள் எப்படி 'பெரிய இடம்' ஆயின?

அண்ணாநகரை எடுத்துக்கொள்ளுங்கள். 1968-ம் ஆண்டு உலக வர்த்தகக் கண்காட்சி நடந்த இடம். வீட்டு வசதி வாரியம் மனை பிரித்தபோது அகலமான ரோடு, பூங்கா, பள்ளிக்கூடத்துக்கு இடம் என்று முதலிலேயே ஒதுக்கியது. பெரிய வருமானக்காரருக்கும், நடுத்தர வருமானக்காரருக்கும், குறைந்த வருமானக்காரருக்கும் அங்கே இடம் இருந்தது. பிறகுதான் அது பெரிய இடம் ஆனது. அதன் மதிப்பு வீட்டுக்குள் போட்ட மார்பிளில் இல்லை. வீட்டுக்கு வெளியே விட்ட இடத்தில் இருக்கிறது.

இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். 2015-ம் ஆண்டு டிசம்பர் 1, 2-ந்தேதிகளில் அடையாறு ஆறு கரை புரண்டது. கோட்டூர்புரத்தில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. மணப்பாக்கத்திலும் அதே கதி. ஆற்றங்கரைக் காற்று, ஆற்றங்கரைக் காட்சி என்று கூடுதல் விலை கொடுத்தவர்களைப் படகில் மீட்டார்கள். காட்சிக்காகக் கொடுக்கும் விலையோடு, அந்தக் காட்சியில் இருந்து வரும் ஆபத்தையும் சேர்த்துத்தான் வாங்குகிறோம். சென்னையில் ஆறு. நம் ஊரில் மலையும் ஓடையும்.

பூட்டிய வீடு

காரைக்குடி வட்டாரத்துக்குப் போனால் அரண்மனை போன்ற வீடுகளைப் பார்க்கலாம். பர்மாவில் சம்பாதித்த பணம். பர்மாத் தேக்கு, இத்தாலி மார்பிள், பெல்ஜியம் கண்ணாடி. 1942-ல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் புகுந்தான். வருமானம் போனது. பிள்ளைகள் பிழைப்புக்காகச் சென்னை, மலேசியா என்று போனார்கள். பல வீடுகளைப் பூட்டினார்கள். சில வீடுகளை இடித்துத் தூணும் கதவும் தனித்தனியாக விற்றார்கள். அந்தத் தூண்களைக் காரைக்குடியில் பழைய சாமான் கடைகளில் இன்றும் பார்க்கலாம்.

அந்த வீடுகளைக் கட்டியவர்கள் கணக்கில் புலிகள். வட்டிக் கணக்கில் அவர்களை மிஞ்ச ஆள் கிடையாது. அவர்களே வீட்டில் போட்ட பணத்தைத் திருப்பி எடுக்க முடியவில்லை.

நம் ஊரிலும் அதே காட்சி தொடங்குகிறது. பிள்ளை அமெரிக்காவில். மகள் பெங்களூரில். நாலு படுக்கை அறை வீட்டில் 70 வயது அப்பாவும் அம்மாவும் மட்டும். முழங்கால் வலி, மாடிக்கு ஏறி மாதக்கணக்காகிறது. மலை தெரிகிற பால்கனி மாடியில்தான் இருக்கிறது! ராத்திரி நெஞ்சு வலி வந்தால் ஊருக்கு வெளியே ஆட்டோ கிடைக்காது. சிக்கலான வைத்தியம் என்றால் மதுரைக்குத்தான் ஓட வேண்டும்.

நாற்பது வயதில் தூரம் சுகம். எழுபது வயதில் அருகாமைதான் சுகம். பழைய தெருவில் ஒரு குரல் கொடுத்தால் நாலு பேர் வருவார்கள். மதில் போட்ட நகரில் காவலாளி ஒருவர்தான் வருவார்.

வீட்டை வேறு மாதிரி நினைத்த மனிதர் ஒருவரும் இந்த மண்ணில் இருந்தார். பி.எஸ்.குமாரசாமி ராஜா. 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தின் முதல்-அமைச்சர். பிறகு ஒரிசா கவர்னர். ராஜபாளையத்தில் இருந்த தன் வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்துவிட்டார். எல்லோரும் அப்படிக் கொடுக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. ஆனால் பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளில் நூலகமோ, முதியோர் பகல்நேரக் கூடமோ, சின்ன ஆஸ்பத்திரியோ நடத்த வாடகைக்காவது விடலாமே?

சாமானியனுக்கு என்ன?

இரண்டு பெரிய வீடுகள் வந்தால் பக்கத்து மனைக்காரர் விலையைக் கூட்டுகிறார். ஊர் விலை கூடினால் அரசின் வழிகாட்டி மதிப்பும் பின்னாலேயே கூடும். 2017-ல் 33 சதவீதம் குறைத்த வழிகாட்டி மதிப்பை 2023-ம் ஆண்டு ஏப்ரலில் பழையபடி ஏற்றினார்கள். பதிவுக் கட்டணத்தை 4-ல் இருந்து 2 சதவீதமாகக் குறைத்தார்கள். அதே ஆண்டு ஜூலையில், அப்பா மகனுக்கு எழுதிக் கொடுக்கும் செட்டில்மெண்ட் பத்திரத்துக்கு உச்சவரம்புக் கட்டணங்களும் ஏறின. முத்திரைத் தீர்வை 25 ஆயிரத்தில் இருந்து 40 ஆயிரம். பதிவுக் கட்டணம் 4 ஆயிரத்தில் இருந்து 10 ஆயிரம். விற்காத, வாங்காத குடும்பமும் விலையேற்றத்துக்குத் தண்டம் கட்டுகிறது.

சின்ன வீட்டுக்காரர்களுக்கு இரண்டு நல்ல செய்தியும் உண்டு. 2025-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந்தேதி முதல், 10 லட்சம் ரூபாய் வரை உள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் வாங்கினால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் தள்ளுபடி. 2,500 சதுர அடி வரையுள்ள மனையில், 3,500 சதுர அடிக்குள் தரைத்தளமோ ஒரு மாடியோ கட்டுவதற்கு 2024-ம் ஆண்டு ஜூலை முதல் சுயசான்று முறையில் உடனடி அனுமதி. நடையாய் நடக்க வேண்டியதில்லை.

நகரசபைகள் செய்ய வேண்டிய வேலையும் இருக்கிறது. பழைய தெருக்களில் சாக்கடையும், குடிநீரும், கார் நிறுத்தப் பொது இடமும் ஒழுங்காக இருந்தால் வசதியானவர்கள் ஊரை விட்டு ஓட மாட்டார்கள். தேர் வீதியில் ஒரு வீடு புதுப்பிக்கப்பட்டால் கொத்தனார், ஆசாரி, மளிகைக்கடை, காபிக்கடை எல்லோருக்கும் பிழைப்பு. மலையடிவாரத்தில் ஒரு வீடு வந்தால், பொதுப் பணத்தில் ரோடு போட்டு, லைட்டு போட்டு, குழாய் போட வேண்டும்.

முன்பணம் கொடுக்கும் முன்...

பெரிய வீடோ, சின்ன மனையோ, கையில் இருக்கும் காசை எண்ணி வைக்கும் முன் இவற்றைப் பார்த்துவிடுங்கள்:-

* தாய்ப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று மூன்றிலும் சர்வே எண் ஒன்றாக இருக்கிறதா?

* நகர் ஊரமைப்புத் துறையின் மனைப்பிரிவு அனுமதி எண் உண்டா? "அப்ளை பண்ணியாச்சு சார்" என்பது அனுமதி ஆகாது.

* 500 சதுர மீட்டருக்கு மேல், அல்லது 8 வீடுகளுக்கு மேல் உள்ள திட்டம் என்றால் 'ரெரா' பதிவு கட்டாயம். எண்ணை வாங்கி இணையதளத்தில் நீங்களே பாருங்கள்.

* 10 ஆயிரம் சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், ரோடு போக மீதியில் 10 சதவீதம் பூங்காவுக்கு விட வேண்டும். வரைபடத்தில் உள்ள பூங்கா தரையிலும் இருக்கிறதா?

* காட்டின் எல்லை எவ்வளவு தூரம்? கிராமம் 'ஹாகா' பட்டியலில் வருகிறதா?

* ஓடை, கண்மாய் வாய்க்கால் எந்தப் பக்கம்? ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒருதடவை நேரில் போய்ப் பாருங்கள். சித்திரையில் பார்த்தால் எல்லா நிலமும் மேட்டு நிலம்தான்!

* 50 லட்சமும் அதற்கு மேலும் என்றால் விலையில் 1 சதவீதத்தை வருமான வரியாகப் பிடித்துக் கட்ட வேண்டியது வாங்குபவர் பொறுப்பு. விற்பவர் வெளிநாட்டில் வசிப்பவர் என்றால் பிடித்தம் இன்னும் அதிகம். ஆடிட்டரைக் கேளுங்கள்.

* ராத்திரி 10 மணிக்கு அந்த இடத்தில் இருந்து ஆஸ்பத்திரிக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும்?

குடியிருக்க வீடு என்றால் மனசுக்குப் பிடித்த இடத்தில் வாங்குங்கள். மலை தெரிந்தால் சந்தோஷம். அந்தச் சந்தோஷத்துக்குக் கொடுத்த விலை அது என்று எழுதிவிடுங்கள், லாபம் எதிர்பார்க்காதீர்கள். முதலீடு என்றால் மலையை மறந்துவிட்டு வாடகை, வரி, வாங்க வரும் ஆள் மூன்றையும் பாருங்கள். இரண்டையும் ஒரே பத்திரத்தில் எழுத நினைப்பவர்தான் கடைசியில் பூட்டிய வீட்டுக்குக் காவல் சம்பளம் கொடுத்துக்கொண்டிருப்பார்.